சுருங்க மறுத்த தசை: நாட்குறிப்பு

மார்ச் 3
கணினிக்குள் நான் கட்டிய தசை இன்று அசையவே இல்லை. தூண்டுதலை முழு அளவுக்கு ஏற்றியும் 2 சதவீதத்துக்கு மேல் குறுகவில்லை. அழுத்தப் படத்தைத் திறந்தால் சதுரங்கப் பலகை: ஒரு கட்டம் சிவப்பு, பக்கத்துக் கட்டம் நீலம். வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 4
காரணம் பிடிபட்டது. தசையில் பெரும்பங்கு தண்ணீர். அதனால் நீளம் குறைந்தாலும் கன அளவு மாறாது. ஏதோ ஒன்று உள்ளே புகுந்து தசையை ஊதவைக்கிறது என்று நம்பிய 17-ஆம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர் யான் சுவாமர்டாம் இதைச் சோதித்துவிட்டார். தவளைத் தசையைக் கண்ணாடிக் குழாயில் அடைத்து நரம்பைச் சீண்டினார். குழாய் நுனியில் இருந்த நீர்த்துளி மேலே ஏறவில்லை. எவ்வளவு அழகான சோதனை! நானும் அதே விதியைத்தான் போட்டிருந்தேன். ஆனால் என் மெஷ், அதாவது தசையைச் சிறு துண்டுகளாகப் பிரித்த வலை, முழுக்க எளிய நான்முகிகள் (நாலு முக்கோண முகம் கொண்ட துண்டுகள்). ஒவ்வொன்றும் தன் கன அளவை விடாமல் பிடித்துக்கொண்டால் அவை சந்திக்கும் முனைகள் நகர இடமேது? இதைத்தான் லாக்கிங் என்கிறார்கள்.

மார்ச் 7
அழுத்தத்தைத் தனி மாறியாக்கி, இடப்பெயர்ச்சிக்கு இருபடி எலிமென்ட் (விளிம்புகள் வளையக்கூடிய துண்டு) கொடுத்தேன். ஓடியது! 20 சதவீதம் குறுகியபோது குறுக்குப் பரப்பு 25 சதவீதம் கூடியது. விட்டம் ஏறக்குறைய 12 சதவீதம். முழங்கையை மடக்கி மேல்கைத் தசையைத் தொட்டுப் பார்த்தேன். அந்தத் திரட்சிக்குக் கணக்கு இவ்வளவுதான்.

மார்ச் 11
1938-இல் பிரிட்டிஷ் உடலியலாளர் ஏ. வி. ஹில் தந்த விசை-வேகச் சமன்பாட்டைச் சேர்த்தேன்: தசை வேகமாகக் குறுகக் குறுக அதன் விசை குறையும். அந்த வளைவு எவ்வளவு குழிகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு வழக்கமான மதிப்பு 0.25. உச்ச வேகத்தில் பாதியை எட்டும்போதே விசை ஆறில் ஒன்றாகிவிடுகிறது.

மார்ச் 15
புதுச் சிக்கல். தவளைத் தசைநாரில் சார்கோமியர், அதாவது சுருங்கும் மிகச் சிறிய அலகு, 2.0 முதல் 2.25 மைக்ரான் வரை நீளம் இருக்கையில் விசை உச்சம், 3.65-இல் பூஜ்யம். 1966-இல் கார்டன், ஹக்ஸ்லி, ஜூலியன் மூவரும் அளந்த வரைபடம் அது. அந்த இறங்குசரிவில் என் மெஷ்ஷின் நாலாவது வரிசை மட்டும் இழுபட்டுக்கொண்டே போகிறது, மற்றவை குறுகுகின்றன. நீண்டது பலமிழக்கிறது, பலமிழந்ததால் இன்னும் நீள்கிறது. உயிருள்ள தசை இப்படி உடனே பிய்ந்துபோவதில்லை. நீளும்போது ஹில் வளைவின் மறுபக்கம் கூடுதல் விசை தந்து தடுக்கிறது. டைட்டின் என்ற புரதமும் ஸ்பிரிங்போல் இழுத்துப் பிடிக்கிறது. அந்த மறுபக்கத்தை நான் எழுதவே இல்லை. இப்போது எழுதிச் சேர்த்து, கணக்கு ஒவ்வொரு முறை முன்னேறும் நேரப்படியைப் பாதியாக்கி ஓடவிட்டிருக்கிறேன். நாலாவது வரிசை இதுவரை நிற்கிறது.