மேட்ச் பீஸ் சரி, மேட்ச் எங்கே?

2024 ஜூன் 28, வெள்ளிக்கிழமை. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு சேப்பாக்கம் போயிருந்தேன், இந்தியா - தென்னாப்பிரிக்கா பெண்கள் டெஸ்ட். ஷஃபாலி 205, ஸ்மிருதி 149, முதல் விக்கெட்டுக்கே 292 ரன். சாயங்காலம் ஆட்டம் முடியும்போது போர்டில் 525/4. பெண்கள் டெஸ்டில் ஒரே நாளில் அத்தனை ரன் அதற்கு முன்னால் எந்த அணியும் எடுத்ததில்லை. என் வரிசையில் என்னையும் சேர்த்து நாலு பேர், அதில் ஒருத்தர் தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு தூக்கம் (வெயில் அப்படி, பாவம்).

மறுநாள் ராத்திரி பார்படாஸில் ஆண்கள் அணி டி20 உலகக் கோப்பையை ஜெயித்தது, நானும்தான் தொண்டை கட்டுகிற அளவுக்குக் கத்தினேன். ஆனால் திங்கட்கிழமை ஆபீசில், அதே சேப்பாக்கம் டெஸ்டில் ஸ்னே ராணா ஒரே இன்னிங்ஸில் 8 விக்கெட் எடுத்ததைப் பேச எனக்கு ஓர் ஆள் கிடைக்கவில்லை.

கேட்டால், "அதான் சம்பளத்தைச் சமமாக்கிட்டாங்களே, இன்னும் என்ன?" என்றார் பக்கத்து சீட்டு அண்ணன். ஆக்கியது மேட்ச் பீஸை, அதாவது ஆடுகிற ஒவ்வொரு மேட்சுக்கும் தருகிற பணத்தை மட்டும். 2022 அக்டோபரில் இந்திய கிரிக்கெட் வாரியமான பிசிசிஐ அறிவித்தது: டெஸ்டுக்கு 15 லட்சம், ஒருநாள் போட்டிக்கு 6 லட்சம், டி20க்கு 3 லட்சம், இருபாலருக்கும் ஒன்றே. 2005 உலகக் கோப்பையில் ஃபைனல் வரை போனபோது மேட்சுக்கு ஆயிரம் ரூபாய்தான் கிடைத்தது என்று முன்னாள் கேப்டன் மிதாலி ராஜே சொல்லியிருக்கிறார், அதைப் பார்க்கும்போது இது பெரிய விஷயம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வருட ஒப்பந்தச் சம்பளம் அப்போது ஆண்களுக்கு உச்சமாக 7 கோடி, பெண்களுக்கு 50 லட்சம். அதை யாரும் தொடவில்லை.

அதைவிட எனக்கு எரிச்சல், அந்த 15 லட்சத்தை வாங்க மேட்ச் ஆடியாக வேண்டுமே! இந்தியப் பெண்கள் அணிக்கு 2014 நவம்பரில் மைசூரில் ஒரு டெஸ்ட், அடுத்தது 2021 ஜூனில் பிரிஸ்டலில். நடுவில் ஒன்றுகூட இல்லை, ஒரு பந்துவீச்சாளரின் நல்ல வயது முழுக்க அதிலேயே போய்விடும். நான் பார்த்த சேப்பாக்கம் மேட்சுக்கு அப்புறமும் 2025 முழுக்க ஒரு டெஸ்ட் கிடையாது.

2025 நவம்பர் 2, நவி மும்பையில் ஹர்மன்பிரீத் அணி உலகக் கோப்பையைத் தூக்கியது. அன்றைக்கு அதே அண்ணன் வாட்ஸாப் ஸ்டேட்டஸில், அரையிறுதியில் 127 அடித்துவிட்டு அழுத ஜெமிமா போட்டோ. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்திருக்கிறேன். சேப்பாக்கத்துக்கு அடுத்த பெண்கள் டெஸ்ட் வரும்போது டிக்கெட் அவர் செலவு.