குவின்சியில் இரண்டு பலகை வீடுகள்

"குனிஞ்சு வாங்க சித்தி" என்று சொல்லி, தாழ்வான நிலைக்கு மேலே தன் கையை வைத்துக்கொண்டாள் அக்கா மகள். உள்ளே போனால் இருட்டு, பழைய மரத்தின் வாசனை, ஒரு ஆள் உள்ளே நின்றுவிடலாம் போல அகலமான அடுப்பு. அமெரிக்காவின் இரண்டாவது ஜனாதிபதி ஜான் ஆடம்ஸ் 1735 அக்டோபர் 30ஆம் தேதி பிறந்த வீடு இது.

பாஸ்டனில் இருந்து ரெட் லைன் ரயிலில் தெற்கே போனால் குவின்சி சென்டர். அங்கிருந்து பூங்காத் துறையின் வண்டியில் ஏறி வந்திருந்தோம். அவள் சட்டம் படிக்கிறாள். ஆடம்ஸ் முதலில் ஒரு வக்கீல் என்பதால் பல மாதங்களாகவே இங்கே வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கும் அந்த மனிதர் மேல் நெடுநாள் பிரியம் உண்டு. முதல் ஜனாதிபதி வாஷிங்டனுக்கும் மூன்றாவது ஜனாதிபதி ஜெபர்சனுக்கும் நடுவில் சிக்கி, பலர் தாண்டிப் போய்விடுகிற பெயர் அவருடையது.

அவருடைய அப்பா விவசாயி. குளிர்காலத்தில் செருப்புத் தைப்பார், சர்ச்சில் டீக்கன். பையனைப் படிக்க வைக்க ஆசை. பையனோ, விவசாயம்தான் செய்வேன் என்று பிடிவாதம் பிடித்தான். சரி வா என்று அப்பா அவனை அதிகாலையில் சதுப்பு நிலத்துக்குக் கூட்டிப்போய், நாள் முழுக்கச் சேற்றில் நின்று கூரைப்புல் அறுக்க வைத்தார். ராத்திரி, "இப்போ திருப்தியா?" என்று கேட்டாராம். "ரொம்பப் பிடித்திருக்கிறது" என்றானாம் மகன். ஆடம்ஸ் முதுமையில் தானே எழுதிவைத்த கதை இது. அப்பா விடவில்லை. பையன் ஹார்வர்டில் படித்து முடித்தது 1755இல்.

சில அடி தூரத்திலேயே இன்னொரு வீடு. முன்பக்கம் இரண்டு மாடி. பின்பக்கம் கூரை ஒரே சரிவாகக் கீழே இறங்குகிறது. 1764இல் அபிகெய்லைக் கல்யாணம் செய்துகொண்டு ஆடம்ஸ் குடிவந்த இடம். ஆறாவது ஜனாதிபதியான மகன் ஜான் குவின்சி 1767இல் பிறந்தது இங்கேதான். ஓர் அறையை ஆடம்ஸ் வக்கீல் ஆபீஸாக மாற்றி, கட்சிக்காரர்கள் வீட்டுக்குள் நுழையாமல் நேராக வருவதற்குத் தனிக் கதவு வைத்திருக்கிறார். 1779இல் மாசசூசெட்ஸ் அரசியலமைப்பின் வரைவை எழுதியது இங்கே. அடுத்த ஆண்டு அமலுக்கு வந்த அந்தச் சட்டம், திருத்தங்களோடு இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மனிதர் எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறந்தவர்கள் என்ற அதன் முதல் பிரிவை எடுத்துக்காட்டித்தான், குவாக் வாக்கர் என்ற அடிமையின் வழக்கில் 1783இல் தலைமை நீதிபதி வில்லியம் குஷிங், இந்த மாநிலத்தில் அடிமை முறைக்கு இடமில்லை என்றார். அந்த அறையை விட்டு நகர எங்கள் இருவருக்குமே மனமில்லை.

அவள் பேச ஆசைப்பட்டது இன்னொரு வழக்கைப் பற்றி. 1770 மார்ச் 5, பாஸ்டன் கிங் தெருவில் கூட்டத்தை நோக்கி பிரிட்டிஷ் சிப்பாய்கள் சுட்டதில் ஐந்து பேர் செத்துப்போனார்கள். ஊரே கொதித்தது. அந்தச் சிப்பாய்களுக்காக வாதாட ஒப்புக்கொண்டவர் ஆடம்ஸ். குற்றம் சாட்டப்பட்டவன் யாராக இருந்தாலும் அவனுக்கு வக்கீல் வேண்டும் என்பது அவர் நிலை. கேப்டன் பிரஸ்டன் விடுதலையானார். எட்டுச் சிப்பாய்களில் ஆறு பேருக்கு விடுதலை. இரண்டு பேருக்குக் கொலை அல்லாத மரணக் குற்றம், கட்டைவிரலில் சூடு. தன் வாழ்நாளில் நாட்டுக்குச் செய்த மிக நல்ல சேவைகளில் ஒன்று இது என்று மூன்றாண்டு கழித்து டைரியில் எழுதினார்.

"ஆனா சித்தி, செத்தவங்களைப் பத்தி அவர் கோர்ட்டில் பேசினது சரியில்லை" என்றாள். உண்மைதான். கூட்டத்தில் இருந்த கறுப்பர்களையும் ஐரிஷ்காரர்களையும் மாலுமிகளையும் கலகக் கும்பல் என்று இழிவாகச் சொல்லித்தான் வாதாடினார். செத்தவர்களில் ஒருவரான கிறிஸ்பஸ் அட்டக்ஸின் தோற்றமே பயமுறுத்தும் என்றார். அவரைப் பிடிக்கும் என்பதற்காக இதை விட்டுவிட்டு எழுத எனக்கு மனசு வரவில்லை.

அபிகெய்லைப் பற்றித் தனியாகவே எழுதவேண்டும். புருஷன் காலனிகளின் காங்கிரஸ் சபைக்கும் ஐரோப்பாவுக்கும் போய்விட, பண்ணையையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டவர் அவர். 1775 ஜூன் 17 அன்று ஏழு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்து பென்ஸ் ஹில் மேலே ஏறி, பிரிட்டிஷாரோடு நடந்த பங்கர் ஹில் போரின் புகையைப் பார்த்தார். அடுத்த ஆண்டு மார்ச்சில், புதுச் சட்டம் எழுதும்போது பெண்களை நினைவில் வையுங்கள் என்று கணவருக்கு எழுதினார். சிரிப்புத்தான் வருகிறது என்று பதில் வந்தது. அந்தப் பதிலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். ஆனால் அவர்களுக்குள் போய்வந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடிதங்களில், மனைவியை அவ்வளவு சமமாக வைத்து யோசனை கேட்டவரும் இதே மனிதர்தான்.

அப்புறம் பீஸ்ஃபீல்ட், 1788இல் ஐரோப்பாவிலிருந்து திரும்பியபின் குடியேறிய பெரிய வீடு. அபிகெய்ல் இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து நட்ட வெள்ளை ரோஜாச் செடி இன்னும் தோட்டத்தில் இருக்கிறது. இலையைத் தொட்டுப் பார்த்தேன். ஓரமெல்லாம் ரம்பப் பல்.

ஜனாதிபதியாக அவர் இருந்தது நான்கே ஆண்டு. 1798இல் அரசைக் குறைசொல்லி எழுதுவதைக் குற்றமாக்கிய சட்டத்தில் கையெழுத்திட்டார். பத்திரிகைக்காரர்கள் சிறைக்குப் போனார்கள். கிங் தெருச் சிப்பாய்களுக்காக நின்றவரா இப்படி என்று மனசு ஆறவில்லை. ஆனால் சொந்தக் கட்சியே பிரான்சோடு போர் வேண்டும் என்று துடித்தபோது, தூதர்களை அனுப்பி 1800இல் சமாதானம் செய்துகொண்டார். கட்சி பிளந்தது. செய்தி கடல் தாண்டி வருவதற்குள் தேர்தலும் கைநழுவியது: தேர்வாளர் வாக்குகளில் ஜெபர்சனுக்கு 73, அவருக்கு 65. 1801 மார்ச் 4, ஜெபர்சன் பதவியேற்கும் நாளன்று, விடிவதற்கு முன்பே கோச்சு வண்டியேறி ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

பதினோரு ஆண்டு இருவருக்கும் அநேகமாகப் பேச்சே இல்லை. 1812 புத்தாண்டு அன்று ஆடம்ஸ் முதலில் எழுதினார். பிறகு சாகும் வரை கடிதங்கள். மாடியில் அவர் எழுதிய அறையில் கைவைத்த நாற்காலி ஒன்று இருக்கிறது. முதுமையில் அவர் உட்கார்ந்திருந்தது. சுதந்திரப் பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நாளில், 1826 ஜூலை 4 அன்று, ஜெபர்சன் போன சில மணி நேரத்தில் ஆடம்ஸும் போனார். தொண்ணூறு வயது.

ரயில் நிலையத்துக்கு எதிரே கருங்கல் சர்ச். அடித்தளத்துச் சின்ன அறையில் அப்பா, அம்மா, மகன், மருமகள் நான்கு பேரின் கல் பெட்டிகள் அடுத்தடுத்து. பிரான்சோடு சமாதானம் செய்யும் பொறுப்பைத் தன்மேல் ஏற்றுக்கொண்டவன் என்ற ஒரு வரி தன் கல்லில் போதும் என்று 1815இல் அவர் எழுதியிருந்தார். அதை மெதுவாக அவளிடம் சொன்னேன். அவள் கல்லின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள்.

திரும்பும்போது ரயிலில், "அந்த அஞ்சு பேர் யார் யார்?" என்று போனில் தேடி வாய்விட்டுப் படித்தாள். கிறிஸ்பஸ் அட்டக்ஸ், சாமுவேல் கிரே, ஜேம்ஸ் கால்ட்வெல், சாமுவேல் மேவரிக், பேட்ரிக் கார். டவுன்டவுன் கிராசிங்கில் இறங்கி, பழைய அரசு மாளிகை வரை நடந்தோம். பால்கனிக்குக் கீழே, அவர்கள் விழுந்த இடத்துக்கு அடையாளமாக நடைபாதையில் வட்டமாகக் கல் பதித்திருக்கிறார்கள். ஆபீஸ் விட்டு வருகிறவர்கள் அதன் மேலேயே நடந்து போய்க்கொண்டிருந்தார்கள். நாங்கள் ஓரமாகச் சுற்றிப் போனோம்.