பொதுப் பண்டங்களும் பன்னாட்டு வணிகமும்: நான் படித்த விதம்

முதுகலைப் பொருளியலில் பன்னாட்டு வணிகத் தாளுக்குப் படித்தபோது என்னைத் திணறடித்த கேள்வி இது: பொதுப் பண்டங்களுக்கான (வெள்ளத் தடுப்புக் கரை, சட்டம் ஒழுங்கு போல எல்லாருக்கும் பொதுவாகப் பயன்படுபவை) அரசுச் செலவு வணிக அமைப்பை எப்படி மாற்றுகிறது? மாதிரித் தேர்வில், அரசு செலவழித்தால் ஏற்றுமதி பெருகும் என்று இரண்டு பக்கம் எழுதினேன். பாதி மதிப்பெண்கூட வரவில்லை. நான் எழுதியது எவ்வளவு விற்கும் என்பதைப் பற்றி. கேட்டதோ எதை விற்போம் என்பது.

அப்புறம் ஒரு தாளில் சின்னக் கணக்கு போட்டேன். ஒரு நாட்டில் 100 தொழிலாளர்கள். ஒருவர் 2 மூட்டை தானியம் விளைவிக்கலாம், அல்லது 1 கட்டு துணி நெய்யலாம். எல்லாரும் ஒரே வேலையில் இறங்கினால் 200 மூட்டை, இல்லையென்றால் 100 கட்டு. படத்தில் இந்த இரண்டு எல்லைகளையும் இணைக்கும் கோடுதான் நாட்டின் உற்பத்தி வாய்ப்புக் கோடு. இப்போது அரசு 20 பேரை வெள்ளத் தடுப்புக் கரைக்கு எடுத்துக்கொள்கிறது. மிச்சம் 80 பேர். கரையால் ஒருவரின் விளைச்சல் 3 மூட்டையானால் மொத்தம் 240. துணியோ 80 கட்டுதான். ஒரு கட்டு துணிக்கு விட்டுக்கொடுக்கும் தானியம் 2 மூட்டையிலிருந்து 3 ஆகிவிட்டது. ஒப்பீட்டு நன்மை, அதாவது ஒரு பண்டத்தை மற்றதைக் குறைவாக விட்டுக்கொடுத்துச் செய்ய முடிகிற அனுகூலம், தானியத்தின் பக்கம் சாய்கிறது.

அதே 20 பேர் சட்டம் ஒழுங்கைக் காத்து, இரண்டு தொழிலின் திறனும் கால் பங்கு கூடினால்? 80 × 2.5 = 200. 80 × 1.25 = 100. பழைய கோடே திரும்ப வருகிறது! பேனாவை வைத்துவிட்டு அந்தத் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பலன் சமமாகப் பரவினால் அமைப்பு மாறாது. ஒரு பக்கம் கூடுதலாகப் போனால்தான் மாறும்.

இது நன்மைப் பக்கம். தேர்வு விடையில், ஆட்களும் மூலதனமும் எங்கிருந்து எடுக்கப்பட்டன என்பதையும் எழுதுங்கள். அரசுப் பணி பெரும்பாலும் உழைப்பையே உறிஞ்சினால், பண்டங்களின் விலை மாறாத நிலையில், உழைப்புச் செறிவுள்ள தொழில் சுருங்கும். விலை மாறாதபோது ஓர் உற்பத்திக் காரணி பெருகினால் அதை அதிகம் பயன்படுத்தும் தொழில் வளரும், மற்றது சுருங்கும் என்பது 1955இல் வந்த ரிப்சின்ஸ்கி தேற்றம். அதைத் தலைகீழாகப் பயன்படுத்தினால் இது கிடைத்துவிடும்.

சான்றுக்கு டுரான்டன், மாரோ, டர்னர் மூவரின் 2014 ஆய்வு போதும். நெடுஞ்சாலை அதிகமுள்ள அமெரிக்க நகரங்கள் எடை மிகுந்த சரக்குகளை அதிகம் அனுப்பின. மொத்த மதிப்பு பெரிதாக மாறவில்லை. அது நகரங்களுக்கிடையிலான உள்நாட்டு வணிகம் என்று ஒரு வரி கட்டாயம் சேர்த்துவிடுங்கள்.

நேரம் குறைவென்றால் படத்தை முதலில் போடுங்கள். பழைய கோடு, ஆள் குறைந்ததும் உள்ளே நகர்ந்த கோடு, பலன் வந்ததும் சாய்வு மாறிய கோடு என மூன்றும் ஒரே படத்தில் இருக்கட்டும்.