அக்காவின் குதிகாலில் 2.6 மில்லிமீட்டர்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். வெள்ளிக் கம்பியின் கனத்தை அளந்து பார்ப்பது தினப்படி வேலை. அரை மில்லிமீட்டர் கூடினாலும் விரலுக்கே தெரியும். அதே மில்லிமீட்டர் அக்காவின் பயாப்ஸி ரிப்போர்ட்டில் வந்த அன்று கை நடுங்கிவிட்டது.

அக்காவுக்கு ஏற்காட்டில் காபி எஸ்டேட் வேலை. குதிகாலில் கறுப்பாக ஒரு புள்ளி வந்தது. ஆணி என்று நினைத்து எருக்கம்பால் வைத்தாள். ஒரு வருஷத்தில் அது புளியங்கொட்டை அளவாகிவிட்டது. ஓரம் கோணல்மாணல், ஒரு பக்கம் கருநீலம், இன்னொரு பக்கம் பழுப்பு. ஒரு கிளினிக்கில் ஆணிக்கு ஒட்டும் பிளாஸ்டரைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதிலேயே ஐந்து மாதம் போயிற்று. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. செருப்பில் ரத்தக் கறை பட்ட பிறகுதான் என்னிடம் சொன்னாள்.

மெலனோமா. தோலில் வரும் ஒரு வகைப் புற்றுநோய். வெள்ளைக்காரர்களுக்குப் பெரும்பாலும் வெயிலால் வருவது. நம் மாதிரி நிறத்தவர்களுக்கோ வெயில் படாத உள்ளங்கால், உள்ளங்கை, நகத்தடியில்தான் அதிகம் வருகிறதாம். அங்கே யார் பார்க்கிறார்கள்? தாமதமாகக் கண்டுபிடிப்பதே பாதி ஆபத்து.

அறுவை செய்த டாக்டர் தாளில் தோலைப் படம் போட்டுக் காட்டினார். கட்டி எவ்வளவு அகலம் என்பதைவிட எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்பதுதான் முக்கியமாம். 1970-இல் பிரெஸ்லோ என்ற அமெரிக்க டாக்டர் சொன்ன கணக்கு அது. ஒரு மில்லிமீட்டருக்குள் இருந்தால் வெட்டி எடுத்தாலே பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடுகிறார்கள். நாலைத் தாண்டினால் கவலைதான். அக்காவுக்கு 2.6. மேல்தோல் புண்ணாகி உடைந்திருந்ததால், அதே ஆழத்துக்கு ஒரு படி மோசமாகக் கணக்கு வைத்தார்கள்.

அடுத்து நெறி, அதாவது நிணநீர் முடிச்சு. காலில் மருந்து ஏற்றி, அது தொடை இடுக்கில் முதலில் போய்ச் சேரும் நெறியைக் கண்டுபிடித்து எடுத்துச் சோதித்தார்கள். முடிவு வர பத்து நாள். அந்தப் பத்து நாளும் பட்டறையில் ஒரு கொலுசைக்கூட நான் ஒழுங்காகப் பற்றவைக்கவில்லை. நெறிக்குப் பரவவில்லை என்று வந்தது. இரண்டாம் நிலை. நுரையீரல், ஈரல் என்று பரவியிருந்தால் கதையே வேறு. அதற்கும் இப்போது உடம்பின் எதிர்ப்பு சக்தியைத் தூண்டிவிடும் இம்யூனோதெரபி இருக்கிறது. ஆனால் உள்ளங்கால் வகைக்கு மற்ற வகைகளைப் போல அது கேட்பதில்லை என்றார் டாக்டர்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அக்கா இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி செக்கப்புக்கு வருகிறாள். வந்ததும் பட்டறை விளக்கடியில் உட்காரவைத்து, என் மனைவி லென்ஸை வைத்து இரண்டு பாதத்தையும் விரல் இடுக்கு வரை பார்ப்பாள். போன முறை அக்கா அந்த லென்ஸைக் கையில் வாங்கிக்கொண்டு, "தம்பி, நீயும் காலை நீட்டுடா" என்றாள்.