ஜிப்சிக்கு மேட் கிரே: நிலைக்கும்படி அடித்த விதம்

மினுங்காத மேட் பெயிண்ட் ஒரு வருஷம்கூடத் தாங்காது என்ற பேச்சு பட்டறைகளில் உண்டு. சீக்கிரம் வெளுப்பவை பெரும்பாலும் என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) மேட் பிளாக்கை மேலே எதுவும் போடாமல் அடித்த வண்டிகள். அந்தப் பெயிண்ட் காய்ந்த பிறகும் தின்னர் பட்டால் கரையும். டேங்க் மூடியருகே பெட்ரோல் சொட்டினால் கறை இறங்கிவிடும். நிலைக்க வேண்டுமென்றால் நிறம் தரும் சாதாரண பேஸ் கோட் அடித்து, அதன் மேல் இறுகவைக்கும் ஹார்டனர் கலந்த 2கே மேட் கிளியர், அதாவது நிறமில்லாத மேல்பூச்சு, போட வேண்டும். இந்தப் பழைய மாருதி ஜிப்சிக்குச் செய்ததும் அதுதான்.

நிறத்தை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள். ஜிப்சி, ஜீப் என்றாலே ராணுவப் பச்சை கேட்பவர்கள் அதிகம். 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 121-ஆம் விதிப்படி ஆலிவ் பச்சை பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே. அடர் கிரே எடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம். எந்த நிறத்துக்கு மாறினாலும் ஆர்.சி.யில் பதிய வேண்டும், இன்சூரன்ஸுக்கும் தெரிவிக்க வேண்டும்.

பளபளப்பான கிளியரில் தூசி விழுந்தால் 2000 நம்பர் பேப்பர் (உப்புத்தாள்) போட்டு, ரப்பிங் செய்து சரிக்கட்டலாம். மேட்டில் அதற்கு வழியே இல்லை. மேட் கிளியருக்குள் இருக்கும் நுண்ணிய சிலிகா துகள்கள், படலம் காய்ந்து சுருங்கும்போது மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குகின்றன. வெளிச்சம் சிதறுவது அதனால்தான். தேய்த்தால் அந்த முகடுகள் மழுங்கி, அந்த இடம் மட்டும் நிரந்தரமாக மினுங்கும். ஆகவே திருத்த வேண்டியதையெல்லாம் கிளியருக்கு முன்பே திருத்தியாக வேண்டும்.

பம்பர், விளக்கு, வைப்பர் கை, பீடிங் எல்லாவற்றையும் கழற்றிவிட்டோம். டேப் ஒட்டி ஒப்பேற்றினால் ஓரத்தில் உரிவது அங்கிருந்துதான் தொடங்கும். பள்ளம் நிரப்பும் பட்டி வேலை முடிந்ததும் 2கே பிரைமர் இரண்டு கோட், ஓர் இரவு காயவிட்டோம். பிறகு தேய்க்கும் கட்டை வைத்து 320 நம்பர், அடுத்து 600, கடைசியில் 800 வாட்டர் பேப்பர். மேட் சிறு அலைகளை மறைக்கும், கீறலை மறைக்காது. அதனால் 320-இன் கோடு ஒன்றுகூட மிஞ்சக் கூடாது. பக்கத்தில் யாரும் சிலிகான் டயர் பாலிஷ் அடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் துளி பட்ட இடத்தில் பெயிண்ட் விலகிக் குழி விழும்.

பேஸ் கோட் மூன்று, ஒவ்வொன்றுக்கும் பதினைந்து நிமிட இடைவெளி. தூசி எடுப்பதற்கு இதுதான் கடைசி வாய்ப்பு: 1000 பேப்பரால் மெல்ல எடுத்து, அந்த இடத்தில் மறுபடி பேஸ் அடித்தோம்.

கிளியரில்தான் எல்லாமே இருக்கிறது. ஒரே பேட்ச் எண்ணுள்ள டப்பாக்களாக வாங்கி, எல்லாவற்றையும் ஒரு பெரிய பாத்திரத்தில் ஊற்றிக் கலந்துகொள்ள வேண்டும். இல்லாவிட்டால் கதவு ஒரு மாதிரி, பானட் ஒரு மாதிரி தெரியும். சிலிகா அடியில் தங்கும்; குச்சியால் அடிவரை நிதானமாகக் கிளறுங்கள், குலுக்கினால் குமிழி ஏறும். அந்தந்தக் கோட்டுக்கு வேண்டியதை மட்டும் எடுத்து ஹார்டனர் சேர்த்தோம். விகிதம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் டேட்டா ஷீட்டில் உள்ளபடி தராசில் நிறுத்தே கலக்க வேண்டும். ஹார்டனர் குறைந்தால் படலம் இளகியே கிடக்கும். கூடினால் மினுக்கம் மாறும். நம் ஊர் வெயிலுக்கு ஸ்லோ ஹார்டனர், ஸ்லோ தின்னர்தான் சரி. வேகமானது ஸ்ப்ரே கன்னிலிருந்து போகும் வழியிலேயே காய்ந்து, மாவு தூவியது போல உட்காரும். விடிகாலையில் அடிப்பது நல்லது. ஐப்பசி மழை ஈரத்தில் இந்த வேலையைத் தொடவே வேண்டாம்.

கன்னில் 1.3 மி.மீ. நாசில், டிரிகர் அழுத்திய நிலையில் காற்றழுத்தம் 28 முதல் 30 பி.எஸ்.ஐ., ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரம். ஒரு வீச்சின் மேல் அடுத்தது முக்கால் பங்கு ஏற வேண்டும். பாதி மட்டும் ஏறினால் வரி வரியாகத் தெரியும். முதல் கோட் நீளவாக்கில், இரண்டாவது குறுக்குவாக்கில். கூரையை ஓர் ஓரத்தில் தொடங்கி நடுவரை கொண்டுவந்து, உடனே மறுபக்கம் போய் நடுவிலிருந்தே மறு ஓரத்துக்கு இழுத்தோம். நடுக்கோடு ஈரமாக இருக்கும்போதே சேர்ந்தாக வேண்டும்.

முதல் கோட் முழுக்க மங்கும்வரை, இருபதிலிருந்து முப்பது நிமிடம், காத்திருங்கள். அவசரப்பட்டால் தின்னர் உள்ளே சிக்கித் திட்டுத்திட்டாகும். இரண்டாவது கோட் அடித்ததும் வண்டி பளபளவென்று நிற்கும். மேட் வரவில்லையே என்று பலர் மூன்றாவது அடிப்பது அப்போதுதான். படலம் தடித்தால் மினுக்கம் கூடும், அங்கங்கே வேறுபடும். இரண்டோடு நிறுத்துங்கள், மங்குவதற்கு நேரம் கொடுங்கள். இந்தச் சந்தேகமே எழாமலிருக்க, முந்தின நாளே ஒரு பழைய தகட்டில் அதே கன், அதே அழுத்தத்தில் அடித்துப் பார்த்துவிட வேண்டும்.

ஹார்டனரில் ஐசோசயனேட் உண்டு, நுரையீரலைக் கெடுக்கும். துணி மாஸ்க் இதற்கு உதவாது. வெளிக்காற்றுக் குழாய் வைத்த மாஸ்க் இல்லாமல் யாரையும் அடிக்க விடாதீர்கள்.

ஒரு மாதம் மென்மையாக நடத்துங்கள். அதற்குப் பிறகும் வேக்ஸ், பாலிஷ், பிரஷ் சுழலும் வாஷ் எதுவும் கூடாது. போர் தண்ணீர் வெயிலில் காய்ந்தால் உப்புக்கறை பிடித்துக்கொள்ளும். நிழலில் கழுவி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுங்கள். காக்கை எச்சத்தைச் சுரண்டாமல், ஈரத்துணி போட்டு ஊறவைத்து எடுக்க வேண்டும்.

கீறல் விழுந்தால் அந்த இடத்துக்கு மட்டும் டச்சப் செய்து கலக்க முடியாது; அந்தப் பேனலை ஓரத்திலிருந்து ஓரம்வரை மறுபடி அடிக்க வேண்டும். அதற்காக கிளியரின் பெயர், பேட்ச் எண், கலவை விகிதம், நாசில், அழுத்தம் எல்லாவற்றையும் எழுதி, முந்தின நாள் அடித்துப் பார்த்த தகட்டின் பின்பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறோம்.