நீலம் மறைந்தால் செப்பு போய்விட்டதா? உமியும் தும்புத்தூளும்

கழிவுநீரிலுள்ள உலோகங்களை நெல் உமியும் தேங்காய்த் தும்புத்தூளும் பிடித்தெடுக்குமா என்று வீட்டில் பார்த்த சோதனை இது. ஈயம், கட்மியம் எல்லாம் வீட்டில் தொடுகிற சாமான் இல்லை. அதனால் மாதிரிக் கழிவுநீருக்கு மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று). 3.93 கிராம் துத்தத்தில் 1 கிராம் செப்பு இருக்கும். அதை 1 லீற்றரில் கரைத்து, அதிலிருந்து 100 மில்லிலீற்றர் எடுத்து மீண்டும் 1 லீற்றராக்கினால், லீற்றருக்கு 100 மில்லிகிராம்.

தண்ணீர், பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த தண்ணீராகவே இருக்கட்டும். முதற்தடவை கிணற்றுத் தண்ணீர் பாவித்ததில் வெளிர்நீலக் கலங்கல் விழுந்தது. கேத்தலில் வெள்ளைப் படிவு விடும் தண்ணீர் அது. அதிலுள்ள இருகாபனேற்று செப்பை வீழ்த்திவிடும். வடித்துப் பார்த்தால் தெளிந்த நீர், பெயர் உமிக்கு!

உமி சம்மாந்துறைப் பக்கத்து ஆலையில் எடுத்தது. தும்புத்தூள், பூஞ்சாடிக்கு விற்கும் கட்டி. அதில் உப்பும் சாயமும் அதிகம், எட்டுத் தண்ணீரில் அலசியது. இரண்டையும் காயவைத்து அரித்து, 250 மில்லிலீற்றர் கரைசலுக்கு 5 கிராம் வீதம் ஜாம் போத்தலில் போட்டு, பத்து நிமிடத்துக்கொருமுறை குலுக்கி, இரண்டு மணித்தியாலம் விட்டு வடித்தாயிற்று.

சோதிப்பது அமோனியாவால், காற்றோட்டமான இடத்தில்தான். செப்பு இருந்தால் கடும் நீலம் வரும். ஒரே உயரத்துக்கு நிரப்பிய சோதனைக்குழாய்களை வெள்ளைத்தாளில் நிறுத்தி, துளித்துளியாக விட்டு, மேலிருந்து பார்க்க வேண்டும். ஒப்பிட, லீற்றருக்கு 10, 25, 50, 100 மில்லிகிராம் செப்புள்ள கரைசல்கள். 10க்குக் கீழே கண்ணை நம்பமுடியாது.

தும்புத்தூள் குழாயில் வந்தது நீலமல்ல, தேயிலைச் சாயம். மிஞ்சிய தனின் என்ற துவர்ப்புச் சாயம் அமோனியாவின் காரத்தில் கறுத்து நீலத்தை மூடிவிட்டது. வெந்நீரில் இன்னும் மூன்று தரம் அலசிய பிறகுதான் நிறம் தெளிந்தது. 10க்குரிய குழாயைவிட வெளிறியிருந்தது. உமி 50க்கு மேலேயே நின்றது. சிலிக்காத் தோல்தான் தடை. அரைத்து, லீற்றருக்கு 50 கிராம் சலவைச்சோடாவில் ஓரிரவு ஊறவைத்ததும் 25க்கும் 50க்கும் இடையில் இறங்கியது. சோடாவை நன்றாக அலசாவிட்டால் அதுவே செப்பை வீழ்த்தி மறுபடி ஏமாற்றும்.

ஆகவே மூன்று போத்தல் கட்டாயம்: கரைசலும் தூளும், வெறுந்தண்ணீரும் தூளும், தூளில்லாத கரைசல். மூன்றாவதை, முதலாவதின் கடைசி பீ.எச். (அமில, காரத் தன்மை) அளவுக்குக் கொண்டுவந்து வடிக்க வேண்டும். அதிலும் நீலம் குறைந்தால் அது வீழ்படிவு. பீ.எச். 5 அளவில் வைத்தால் இந்தக் குழப்பம் குறைவு. 3க்குக் கீழே போனால் ஐதரசன் அயன்கள் இடத்தைப் பிடித்துக்கொண்டு செப்பை ஒட்டவிடா.

குடிதண்ணீருக்கு இதைப் பாவிக்க வேண்டாம். செப்பு நேரேற்றமுள்ள அயன்; புளோரைட்டு மறையேற்றத்துடனும், ஆசனிக்கு மறையேற்றத்துடனோ ஏற்றமில்லாமலோ நிற்பவை. இந்தத் தூள்களில் அவ்வளவாக ஒட்டா.

பிடித்த செப்பைத் தேசிக்காய்ப் புளியால் கழுவி எடுக்கலாம். அந்த நீரில் பாத்திரம் தேய்க்கும் இரும்புநாரைப் போட்டுவைத்தால் செப்பு செந்நிறமாகப் படியும். மிஞ்சும் தூளைப் பசளைக் குழியில் போடக்கூடாது, எரித்தாலும் செப்பு சாம்பலில் நிற்கும். காயவைத்து, மூடிய போத்தலில் பெயரெழுதி வைக்கவேண்டியதுதான். கழுவிய நீரை வாவிப்பக்கம் ஓடும் கானில் ஊற்றவே வேண்டாம்; மீனுக்குச் செப்பு நஞ்சு.