இரண்டு மீட்டர் குழாயும் மாற்ற முடியாத காசோலையும்

எங்கள் பல்கலைக்கழகப் பந்தய வண்டிக் கிளப்பில் வண்டி கட்டத் தெரிந்தவர்கள் இருபது பேர் இருந்தோம். காசு கேட்கத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. நான் வைத்த வெல்டிங்கைப் பார்த்த சீனியர், “நீ ஸ்பான்சர் வேலையைப் பாரு” என்றார். அப்படித்தான் அந்தப் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

ஃபார்முலா ஸ்டூடன்ட் என்பது ஒற்றை இருக்கைப் பந்தய வண்டி ஒன்றை மாணவர்களே வடிவமைத்து, கட்டி, ஓட்டிக் காட்ட வேண்டிய போட்டி. 1981இல் அமெரிக்காவில் ஃபார்முலா எஸ்.ஏ.இ. என்ற பெயரில் ஆரம்பித்தது. மொத்தம் 1000 மதிப்பெண். அதில் 75, வணிகத் திட்டத்தை விளக்கும் சுற்றுக்கு. கற்பனை முதலீட்டாளர்கள் முன்னால் நின்று கோடிக்கணக்கில் பேசுவோம். நிஜமான ஒரு மேனேஜருக்குப் போன் போட்டபோது எனக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். பதினான்கு பக்கத்துக்கு ஒரு கையேடு, அதில் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று மூன்று படி, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு பெரிய ஸ்டிக்கர் என்று ஒரு படம். அறுபது நிறுவனங்களுக்கு ஒரே மெயில். வந்த பதில் இரண்டு. ஒன்று “விடுப்பில் இருக்கிறேன்” என்ற தானியங்கிப் பதில். இன்னொன்று எங்களுக்கு வாழ்த்து சொன்னது. இப்போது அந்தக் கையேட்டைத் திறந்தால் கூச்சமாக இருக்கிறது. முதல் ஐந்து பக்கமும் எங்கள் புராணம். எங்களுக்கு என்ன வேண்டும் என்பது பதினோராம் பக்கத்தில்தான் வருகிறது.

கிளப்பில் முன்பு இருந்த ஒரு அக்கா, உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பர்ச்சேஸ் பிரிவில் இருந்தார். அவரிடம் புலம்பினேன். “எவ்வளவு வேணும்னு ஏன் எழுதற? என்ன வேணும்னு எழுது. பணம்னா நான் மேல நாலு பேர்கிட்ட கையெழுத்து வாங்கணும். அதுவும் பட்ஜெட் போடறதுக்கு முன்னாடி வந்திருக்கணும். ஸ்டோர்ல சும்மா கிடக்கற பொருள்னா எங்க மேனேஜர் தலையாட்டினா போதும்” என்றார்.

என்ன வேண்டும் என்ற பட்டியல் ஏற்கெனவே எங்களிடம் இருந்தது. போட்டியில் செலவு அறிக்கைக்கென்று 100 மதிப்பெண் உண்டு. போல்ட், வாஷர் வரை எண்ணி எழுதியாக வேண்டும். போன வருட அறிக்கையை எடுத்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே “இது யாரிடம் சும்மா கிடக்கும்?” என்று குறித்துக்கொண்டே போனேன். குழாய், அலுமினியத் துண்டு, லேசர் கட்டிங், சி.என்.சி. எனப்படும் கணினி இயக்கும் மெஷினில் நேரம், பேரிங், ஒயரிங் கனெக்டர். மென்பொருள்தான் இருப்பதிலேயே சுலபம். சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ் போன்றவை மாணவர் அணிகளுக்கென்றே தனித் திட்டம் வைத்திருக்கின்றன. விண்ணப்பத்தை நிரப்பினால் பாதி வேலை முடிந்தது.

அடுத்த கடிதம் ஐந்தே வரி. 25.4 மி.மீ. வெளிவிட்டம், 2.4 மி.மீ. சுவர்த் தடிமன் கொண்ட எஃகுக் குழாய் இத்தனை மீட்டர் வேண்டும், இந்தத் தேதிக்குள் வேண்டும், நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம். மறுநாள் காலை குழாய் வியாபாரியே போனில் வந்தார். “தம்பி, துண்டு துண்டாத்தான் கிடக்கு. ரெண்டு மீட்டருக்கு மேல எதுவும் இல்ல. பரவால்லயா?”

“பரவால்ல சார்” என்று நானே முடிவெடுத்துச் சொல்லிவிட்டேன். சேஸிஸ், அதாவது வண்டியின் சட்டகம் பார்க்கும் பையன் கத்திய கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் எழும் பெரிய வளையம், அதாவது மெயின் ஹூப், வெட்டாத, ஒட்டாத ஒரே குழாயில் வளைத்ததாக இருக்க வேண்டும் என்பது விதி. இரண்டு மீட்டரில் அது முடியாது. திரும்ப அழைத்து, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. ஏன் ஒட்டக் கூடாது என்று கேட்டார். வண்டி குப்புறக் கவிழ்ந்தால் ஆளைக் காப்பாற்றுவது அந்த வளையம்தான் என்றதும், முழு நீளக் குழாய் ஒன்றை எடுத்து வைத்தார். வளைக்கிற அன்று பார்க்க வரலாமா என்றும் கேட்டார்.

வந்தார். இரண்டு மணி நேரம் நின்று பார்த்தார். போகும்போது தெரிந்த மெஷின் ஷாப்காரருக்குப் போன் போட்டு, “பசங்க கணக்கா கேக்கறாங்க, ஏதாவது செஞ்சு குடு” என்றார். அறுபது மெயிலில் கிடைக்காதது அந்த ஒரு போனில் கிடைத்தது.

மெஷின் ஷாப்பில் வேறு பாடம். எங்கள் வரைபடத்தில் எல்லா அளவுக்கும் ±0.01 மி.மீ., அதாவது அதற்கு மேல் பிசகக் கூடாது என்று போட்டிருந்தோம். ஆபரேட்டர் அண்ணன் ஒரு ஓட்டையில் விரல் வைத்து, “இதுல சும்மா ஒரு போல்ட்தானே போகப் போகுது? காசு கொடுத்துச் செய்யறதா இருந்தா இப்படிப் போட்டிருப்பீங்களா?” என்றார். பேரிங் உட்காரும் இடத்துக்கு மட்டும் அந்தத் துல்லியத்தை வைத்துவிட்டு மற்றதைத் தளர்த்தினோம். வேலை நேரம் பாதிக்குக் கீழே இறங்கியது. இனாமாகக் கிடைப்பதும் யாரோ ஒருவருடைய மெஷின் நேரம் என்பதை அதுவரை நாங்கள் யோசித்ததே இல்லை.

ஆனால் பதிவுக் கட்டணம், பயணம், வண்டியை ஏற்றிச் செல்லும் லாரி, இதையெல்லாம் யாரும் பொருளாகத் தர மாட்டார்கள். இதற்குப் பணம்தான் வேண்டும். ஒரு நிறுவனம் மனமிரங்கி கிளப்பின் பெயருக்கே காசோலை கொடுத்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு எடுத்த படத்தில் நாங்கள் எவ்வளவு சந்தோஷமாக இருக்கிறோம் தெரியுமா? கிளப்புக்கு வங்கிக் கணக்கே கிடையாது.

காசோலை திரும்பப் போய், பல்கலைக்கழகத்தின் பெயருக்கு மாறி வந்தது. கணக்குப் பிரிவில் அதற்கென்று தனியாக ஒரு கணக்குத் தலைப்புத் திறக்க வேண்டும் என்றார்கள். நிர்வாகச் செலவுக்கு ஒரு பங்கு பிடித்துக்கொண்டார்கள். மீதியை எடுக்க, ஒவ்வொரு பொருளுக்கும் மூன்று விலைப்புள்ளி. பதினோரு வாரம். இதற்கிடையில் பதிவுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் வந்துவிட, ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒருவன் பெயரில் கட்டினோம். அந்த ரசீது பல்கலைக்கழகத்தின் பெயரில் இல்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்தப் பணம் போனது போனதுதான்.

இந்த வேலையை இப்போது யாராவது ஆரம்பித்தால், முதல் கடிதம் எழுதுவதற்கு முன்னால் கணக்குப் பிரிவுக்குப் போகச் சொல்வேன். காசோலை யார் பெயருக்கு, எவ்வளவு பிடிப்பீர்கள், யார் கையெழுத்து, கொடுத்தவருக்கு ரசீது உண்டா என்று நான்கு கேள்வி. பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

இணையத்தில் நிதி திரட்டும் பக்கமும் திறந்து பார்த்தோம். அதைப் பகிர்ந்தவர்கள் எல்லோரும் எங்களைப் போலவே காலிப் பையோடு திரிந்த மாணவர்கள். பழைய மாணவர்களிடம் ஒவ்வொருவராகப் போய், “உங்க பேர்ல ஒரு செட் பிரேக் பேட்” என்று கேட்டதுதான் பலித்தது. முப்பத்தொரு பேர் கொடுத்தார்கள். பெயர்களைச் சின்ன எழுத்தில் இருக்கைக்குப் பின்னால் ஒட்டினோம். லோகோவில்தான் சொதப்பல். ஒரு நிறுவனத்தின் படத்தை இணையத்திலிருந்து இறக்கி அச்சடித்தோம். அது அவர்கள் மாற்றிவிட்ட பழைய லோகோ. போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் சுரண்டி எடுத்தோம்.

போட்டிக் களத்தில் தொழில்நுட்பச் சோதனை நடந்தபோது நான் ஓரமாக நின்றுகொண்டிருந்தேன். மெயின் ஹூப்பில் நாங்கள் முன்கூட்டியே போட்டு வைத்திருந்த 4.5 மி.மீ. துளை வழியாகச் சுவர்த் தடிமனை அளந்துவிட்டு, சோதனையாளர் தாளில் டிக் போட்டார். அந்த வரியைப் படமெடுத்துக் குழாய் வியாபாரிக்கு அனுப்பினேன். கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது: “மிச்சத் துண்டை தூக்கிப் போட்டுடாத. அடுத்த வருஷப் பசங்களுக்கு ஆகும்.”